மற்றும் பலர்

மேடைக்கும் வாசலுக்கும் ஓடி ஓடி வேட்டி கசங்கிப்போன விழாக்குழுத் தலைவர் தயாளன் அண்ணன் அவர்களே! முன்வரிசையை முழுவதும் பிடித்துக்கொண்டு, மின்விசிறியையும் தங்கள் பக்கமே திருப்பி வைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் முறுக்குப் பொட்டலத்தைப் பையிலும் பத்திரப்படுத்தியிருக்கும் தாய்மார்களே! போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கை தட்டும் கலையைக் கற்றுத் தேர்ந்த தம்பி தங்கைகளே! பினாங்குத் தீவிலிருந்து வந்தவர்களே, பாலம் தாண்டிப் பிறையிலிருந்தும் மாக் மண்டினிலிருந்தும் திரண்டு வந்தவர்களே! அனைவருக்கும் ஆயர் ஈத்தாம் வாசுவின் அலுப்பு கலந்த அன்பு வணக்கம்!

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த மேடையில் நான் பேசுவது இது முதல் முறை அல்ல. பலமுறை பேசியிருக்கிறேன். கேட்கத்தான் ஆள் இருந்ததில்லை. நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவன் நான். நாற்காலிகளை அடுக்கிவிட்டு, மைக்கைச் சோதிக்க 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியது என் வேலை. ஆனால் மண்டபம் காலியாக இருந்தால் 'ஹலோ'வோடு நிறுத்த எனக்கு மனம் வராது. 'ஆன்றோரே, சான்றோரே' என்று தொடங்கி, காலி நாற்காலிகளைப் பார்த்துக் கண்கலங்கப் பேசுவேன். ஒருநாள் மண்டபத்தைப் பெருக்கும் நூர்ஜான் அக்கா துடைப்பத்தோடு நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னிக்குக் கூட்டம் நல்ல அமைதி லா, வாசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன சிரிப்பு? அந்த நாற்காலிகள் உங்களைவிட ஒழுங்கு. பேச்சுக்கு நடுவில் ஒன்றுகூட எழுந்து போனதில்லை!

என் படிப்பு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் கற்ற தமிழெல்லாம் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து, மேடையேறியவர்கள் பேசக் கேட்டுக் கற்றது. ஆகவே என் பேச்சில் பிழை இருந்தால் அவர்களைப் போய்க் கேளுங்கள்.

சரி, இன்று என்னை ஏன் மேடையேற்றினார்கள்? சென்னையிலிருந்து வரவேண்டிய நட்சத்திரப் பாடகர் இன்னும் வந்து சேரவில்லை. தயாளன் அண்ணன் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "வாசு, அவரு வர்ற வரைக்கும் எதையாச்சும் பேசு லா."

"எதப் பத்திண்ணே?"

"எதப் பத்தி வேணும்னாலும் பேசு. அவரு வந்ததும் நிறுத்திடு."

எதைப் பற்றி வேண்டுமானாலும் என்று அவரே வாயால் சொல்லிவிட்டார். நீங்கள் சாட்சி.

சற்று முன் இந்த மேடையில் ஒரு பெண் பாடினாள். பெயர் ஜெகதீஸ்வரி. பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து, கழிவறையில் நின்று சேலை மாற்றிக்கொண்டு மேடையேறினாள். ஏன் கழிவறை? உடை மாற்றும் அறை நட்சத்திரத்துக்காகப் பூட்டியிருக்கிறது. உள்ளே பழக்கூடை இருக்கிறது, பூப்போட்ட துண்டு இருக்கிறது, குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள்தான் இல்லை.

அவள் பாடியது அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட பாட்டு. வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வீடு திரும்பும் ஒரு பெண்ணின் பாட்டு. பல்லவியில் அந்தப் பெண் பேருந்தில் ஏறுகிறாள். முதல் சரணத்தில் பேருந்து பாலத்தில் வருகிறது. இரண்டாம் சரணத்தில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தாளா? முதல் சரணம் முடிந்ததும் வாசலில் யாரோ "வந்துட்டாரு!" என்று கத்தினார்கள். தயாளன் அண்ணன் கையைக் காட்டினார், வாத்தியம் நின்றது. நீங்கள் அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினீர்கள். வந்தது யார்? பருப்புச் சோறு ஏற்றிவந்த வேன்!

சோற்றை வரவேற்றோம். பாட்டை மறந்தோம். ஜெகா இறங்கிப் போய்விட்டாள்.

இது இன்றைக்கு மட்டும் நடந்த கதை என்றால் நான் பேசவே வந்திருக்க மாட்டேன். எந்தக் கலை இரவானாலும் அவள்தான் முதலில் பாடுவாள். எந்தக் கலை இரவானாலும் பாதிப் பாட்டில் ஒரு நட்சத்திரம் வந்துவிடும். பேருந்தில் ஏறிய அந்தப் பெண் வருடக்கணக்காகப் பாலத்து நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஐயா! இறக்கிவிட ஆளில்லை!

போஸ்டரைப் பாருங்கள். மேலே நட்சத்திரத்தின் முகம், சோற்றுத் தட்டு அளவுக்கு. கீழே ஆதரவாளர்களின் சின்னங்கள். அதற்கும் கீழே, எறும்பு குனிந்து படிக்கும் எழுத்தில், 'மற்றும் பலர்.' யார் அந்தப் பலர்? தபேலா வாசிப்பவர் பலர். ஆடும் பிள்ளைகள் பலர். அவர்களுக்குச் சலங்கை கட்டிவிடும் தாய்மார் பலர். ஜெகதீஸ்வரி என்னும் தனி ஒருத்தியும் பலர்! பெயர் இருந்தும் பலர், குரல் இருந்தும் பலர், கூட்டத்தை உட்காரவைத்தவர்களும் பலர்!

தயாளன் அண்ணன் கெட்டவரா? சத்தியமாக இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

"ஜெகா பேரப் போஸ்டர்ல பெருசாப் போடக்கூடாதாண்ணே?"

"போட்டா யாரு டிக்கெட் வாங்குவா? நீ வாங்குவியா?"

"நான் எதுக்குண்ணே வாங்கணும்? நாற்காலியே என்னோடதுதானே."

"பாத்தியா!" என்றார்.

ஜெகா பாட்டைத் தூக்கிக்கொண்டு வானொலிக்காரர் ஒருவரிடமும் போனாள். அவரும் நல்ல மனிதர்தான், தேநீர் எல்லாம் கொடுத்திருக்கிறார். "பாட்டு நல்லாருக்கு சிஸ்டர். ஆனா நாங்க பிரபலமான பாட்டத்தான் போடுவோம்."

"போடாம எப்படி சார் பிரபலமாகும்?"

"நியாயமான கேள்வி சிஸ்டர். பிரபலமானதும் வாங்க."

இப்படித்தான் ஓடுகிறது இந்தச் செக்கு. தொலைக்காட்சியைக் கேட்டால் விளம்பரம் கொடுப்பவரைக் கைகாட்டும். விளம்பரம் கொடுப்பவர் தெரிந்த முகம் வேண்டும் என்பார். முகம் எப்படித் தெரிந்தது? போனில் வந்தது. போனில் ஏன் வந்தது? நாம் பார்த்தோம். நாம் ஏன் பார்த்தோம்? போனில் வந்தது! யாரைப் போய்த் திட்டுவது? எனக்குக் கோபம் வருவதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனதுதான் மிச்சம்.

வரப்போகிற நட்சத்திரத்தின் மேலும் கோபமில்லை. போன ஆண்டு வந்த நட்சத்திரப் பிள்ளை மேடைக்குப் பின்னால் என் பெட்டிமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டது: "அண்ணே, இது எந்த ஊரு?"

"பினாங்குப்பா."

"அப்ப நேத்து?"

"நேத்து நீ எங்க இருந்தேன்னு எனக்கு எப்படித் தெரியும் லா?"

பாவம், தூக்கக் கலக்கம். மேடையேறி, "கிள்ளான்! எப்படி இருக்கீங்க!" என்று முழங்கியது. நாம் என்ன செய்தோம்? ஊர்ப் பெயரைத் திருத்தினோமா? கிள்ளான்காரர்கள் தோற்றுப்போகும்படி விசிலடித்தோம்! போஸ்டரில் அந்தப் பிள்ளையின் முகத்தை வெளுத்து, மழமழவென்று ஆக்கி, கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அதுவே, "யாருண்ணே இவரு?" என்று என்னிடம் கேட்டது. இன்றைய போஸ்டரிலும் அதே வெளுப்பு, அதே கண்ணாடி.

இப்போது ஜெகா எங்கே? மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நிற்கிறாள். "இனிமே வேற யாரையாச்சும் பாத்துக்குங்கண்ணே. நான் பாடல" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் ஒன்று. வெளியே கட்டியிருக்கும் ஒலிபெருக்கியும் என்னுடையதுதான். நான் பேசுவது அத்தனையும் அவளுக்குக் கேட்கிறது!

தங்கச்சி ஜெகா! சாவியைத் திருப்பாதே!

யார் அது பின்வரிசையில்? "பாடச் சொல்லுங்க" என்றா? சத்தமாகச் சொல்லுங்கள் அக்கா, ஹெல்மெட்டுக்குள் கேட்க வேண்டும்! இன்னும்! அப்படித்தான்! உங்களை நான் ஊரைத் திருத்தச் சொல்லவில்லை. வானொலியை வளைக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு சரணம். அது முடியும்வரை கழுத்தைத் திருப்பாமல் இருங்கள். வாசலில் கார் வரட்டும், திரும்பாதீர்கள்! கேமரா வரட்டும், திரும்பாதீர்கள்! அந்த நட்சத்திரமே இறங்கி வரட்டும், திரும்பாதீர்கள்! இரண்டாம் சரணத்தில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே கிடக்கிற நானும் கேட்டதில்லை!

அதோ வருகிறாள். கையில் ஹெல்மெட்டோடு வருகிறாள், வழி விடுங்கள்.

தயாளன் அண்ணன் கையை ஆட்டுகிறார். நட்சத்திரத்தின் வேன் வாசலுக்கு வந்துவிட்டதாம். நிறுத்தச் சொல்கிறார். நிறுத்திவிட்டேன், அண்ணே. நீங்கள் மாலையோடு போங்கள். நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

காலி நாற்காலிகளைப் போலவே கடைசிவரை பொறுமை காத்த பெரியோர்க்கும் தாய்மார்க்கும் என் நன்றி. பேச அழைத்த தயாளன் அண்ணனுக்கு இரட்டிப்பு நன்றி, இனிமேல் அழைக்கமாட்டார். ஜெகா, மைக் உன்னுடையது. அந்தப் பெண்ணைப் பேருந்திலிருந்து இறக்கிவிடு.

* * *

போதும், போதும். உட்காருங்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்துப் பெண் வீடு சேர்ந்துவிட்டாள். கதவு பூட்டியிருக்கிறது, சாவியும் அவளிடமே இருக்கிறது. இவ்வளவுதானா என்று நினைத்தேன், ஆனால் அவள் திறந்துகொண்டு உள்ளே போனபோது உங்களுக்கு முன்னால் கை தட்டியது நான்தான். ஒரு கழுத்துகூடத் திரும்பவில்லை. நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. பாட்டு நடந்துகொண்டிருந்தபோது தயாளன் அண்ணன் வாசலில் மாலை அணிவித்து, பொன்னாடை போர்த்தி, கைகுலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார். மாலை அணிவிக்கப்பட்டவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த வேன் ஓட்டுநர் ஃபிக்ரி. நட்சத்திரம் அப்போது வேனுக்குப் பின்னால் தன் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். ஃபிக்ரிக்கு அடுத்த சவாரி இருந்ததால், மாலையோடும் பொன்னாடையோடும் கிளம்பிவிட்டார். வணக்கம்.