மைக் நீலமான நேரம்

மதிப்பிற்குரிய காவல் ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

கடிதம் என்றால் யார், எங்கே, எப்போது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே அன்று காலை காத்திவாக்கம் கழிமுகத்தில் இருந்தவர்களை முதலில் எழுதுகிறேன். கரையில், கவிழ்த்துப் போட்ட பைபர் படகின் மேல் நான். என் காலடியில் மூடி போட்ட பெயின்ட் வாளி, அதற்குள் மற்றவர்களின் செல்போன்கள். தண்ணீரில், கரையோரமாகத் தாயம்மா. அவருக்கு இருபதடி தள்ளி அவர் தம்பி பாரி. எல்லோருக்கும் அப்பால், நடு ஓடையில், தாயம்மாவின் கணவர் மண்ணாங்கட்டி. மூவரும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள்.

கையால் இறால் தடவுகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இரண்டு கையும் சேற்றில் துழாவும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். அதனால் பேசவும் முடியாது, போன் வைத்துக்கொள்ளவும் முடியாது. மழைக்காலத்தில் மேலே ஏரி திறந்தால் அந்தத் தண்ணீர் ஆற்றோடு வந்து இங்கேதான் கடலில் சேரும். மீஞ்சூர்ப் பக்கம் பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் செங்குட்டுவன், ஆறு ஏறுவதைப் பார்த்ததும் என் போனுக்குக் குரல் செய்தி அனுப்புவார். நான் கேட்டுவிட்டு விசில் ஊதுவேன். அவர்கள் கரையேறுவார்கள். இதுதான் எங்கள் ஏற்பாடு.

என் போன் மலிவானது. இடது ஓரத்தில் தொட்டால் வேலை செய்யாது. இடமில்லை, எதையாவது அழி என்று தினமும் கேட்கும். காலை வணக்கப் படங்களை அழித்துக்கொண்டே இருப்பேன். எதைத் திறந்தாலும் ஒரு வட்டம் சுற்றும். எங்கள் பகுதியில் எல்லோர் போனும் இப்படித்தான். "போன் ஹேங் ஆயிடுச்சு" என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

நான் பயந்த சுபாவம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் விபத்துப் பதிவேடு எழுதினேன். பயப்படாதவர்களின் பெயர்களைத்தான் அதில் எழுதினேன். ஆகவே போனுக்கு எந்த எச்சரிக்கை வந்தாலும் ஊதினேன். சில செய்திகள் பழையவை, சில வேறு ஊரைச் சேர்ந்தவை என்று பிறகுதான் தெரியவரும். ஐப்பசியில் மட்டும் ஒன்பது முறை ஊதினேன். ஒன்பது முறையும் பாதி வேலையில் ஏறி வந்து நின்றார்கள்.

"இன்னா சார், இன்னிக்கு எந்த ஏரி வாய தொறந்துச்சு?" என்பார் மண்ணாங்கட்டி.

"சார் போனுக்கு ஜுரம், மாமு. அதான் ஒளறிகினு கீது" என்பான் பாரி.

"சும்மா இருங்கடா, படிச்ச மனுசன்" என்று தாயம்மா சொல்வார். சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார்.

ஒன்பதாவது முறை மண்ணாங்கட்டி என் கையிலிருந்த விசிலை வாங்கி, கரையில் படுத்திருந்த நாயின் கழுத்தில் கட்டினார். "இனிமே நீ ஊது நைனா. உனக்காச்சும் மோப்பம் கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு விசிலைக் கழற்றிக் கழுவி வைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் பயம் இவர்களுக்கு வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம், வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குச் செங்குட்டுவனின் செய்தி வந்தது. "சார், தண்ணி பாலத்த முட்டிகினு போவுது. ஒரு மணி நேரத்துல அங்க வந்துரும். எல்லாரையும் ஏத்திரு சார்." குரல் நடுங்கியது. இரண்டு முறை கேட்டேன்.

விசிலை எடுத்தேன். பிறகு மடியில் வைத்தேன்.

உடனே ஊதினால் ஏறி வருவார்கள், ஒரு மணி நேரம் என்னைக் கேலி செய்துகொண்டு நிற்பார்கள் என்று தோன்றியது. தண்ணீரின் நிறம் மாறட்டும், அதை அவர்கள் கண்ணால் பார்க்கும் நேரத்தில் ஊதினால் காலத்துக்கும் நம்புவார்கள். இவ்வளவுதான் என் யோசனை. யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஏழு முப்பத்தைந்துக்கு ஓடை செம்மண் நிறமானது. ஊதினேன். தாயம்மா தவழ்ந்து ஏறினார். பாரி படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். மண்ணாங்கட்டி திரும்பி என்னைப் பார்த்தார். வாயில் பறி இருந்ததால் சத்தம் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் முகத்துவாரத்துப் பாறைகளில் கிடைத்தார். பறியின் கயிறு பல்லில் இருந்தது.

உங்கள் நிலையத்தில் போன் ஹேங் ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். எழுதி வாங்கிய காவலர், "என்னுதும் இதே எழவுதான் சார்" என்று தன் போனை உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். தாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனு பண்ண வேலைக்கு நீ இன்னா சார் பண்ணுவ?" என்று அழுதார்.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நாம் அனுப்பிய குரல் செய்தியை மற்றவர் கேட்டுவிட்டால், நம் போனில் அதன் பக்கத்திலுள்ள சிறிய மைக் படம் நீலமாகிவிடுகிறது. அழுத்திப் பார்த்தால் கேட்ட நேரத்தையும் காட்டுகிறது. செங்குட்டுவன் போனில் அது ஆறு நாற்பத்தொன்று என்று இருக்கும். அவர் இதுவரை அழுத்திப் பார்க்கவில்லை. பழைய செய்திகளை அழித்தால் போன் வேகமாகும் என்று அவருக்கு யோசனை சொன்னேன். "மத்தத அழிச்சிடறேன் சார். அது மட்டும் இருக்கட்டும். அவன காப்பாத்த நான் போட்ட கொரலு" என்றார். அன்றிலிருந்து போன் ஒவ்வொரு முறை அதிரும்போதும் அவர் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆகவே அவர் பார்ப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்: போன் ஹேங் ஆகவில்லை. நான் கேட்டேன். ஐம்பத்து நான்கு நிமிடம் விசிலை மடியில் வைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் என் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது நான் ஊதினால் யாரும் சிரிப்பதில்லை.

இதையும் அதே படகின் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கரையோரமாகப் பாரி இருக்கிறான். நடு ஓடையில், கணவர் உட்கார்ந்த இடத்தில், தாயம்மா. இந்த வரியை எழுதும்போது போன் அதிர்ந்தது. செங்குட்டுவனின் குரல் செய்தி. என்னைப் பற்றியதோ, தண்ணீரைப் பற்றியதோ, தெரியவில்லை. திறக்கப் பயமாக இருக்கிறது. தபால் பெட்டி சாலை முனையில் இருக்கிறது, பத்து மணிக்கு எடுத்துவிடுவார்கள். உறையில் பசை தடவிவிட்டேன். ஒட்டிப் போட்டுவிட்டு வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இந்த முறை மைக் நீலமாகவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.