கேரியரில் ஒருவர் உட்காரலாம்

வாகை மர நிழலைக் கூரையாக்கிக்கொண்டு மேடை நடுவில் வீற்றிருக்கும் விழாத் தலைவர், பனியன் நிறுவன உரிமையாளர், என் கல்லூரித் தோழர் மகுடேஸ்வரன் அவர்களே! இந்த ஆற்றங்கரைச் சைக்கிள் வழியைக் காகிதத்தில் வரைந்து, காலால் நடந்து, கடைசியில் கண்முன் காட்டிய செயலாளர் சுபஸ்ரீ அவர்களே! முழங்கால் வலியை வீட்டிலேயே விட்டுவிட்டு முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்த தாய்மார்களே! தலைக்கவசத்தைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்திருக்கும் சைக்கிள் சங்கத்து நண்பர்களே! ஆறு நாள் ஷிப்ட் முடித்து, ஏழாம் நாள் தூக்கத்தையும் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஆத்தப்பனின் அன்பு வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயரைத் தேடியவர்கள் சிரமப்பட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கி அமைத்தவர் பெயருக்கு அடுத்த வரியில் இருக்கிறது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு இது புதிதில்லை. தமிழ் முதுகலை படித்த நான், இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் மற்றவர்கள் பேசும் பேச்சை எழுதிக் கொடுத்து வருகிறேன். எத்தனை மேடைகளில் என் சொல் ஏறியிருக்கிறது! எத்தனை மேடைகளில் என் கால் ஏறியிருக்கிறது? இன்றுதான் இரண்டும் ஒன்றாக ஏறியிருக்கின்றன. ஆகவே, சுபஸ்ரீ அம்மா, “ஐந்து நிமிடம்” என்று எழுதிய துண்டுச் சீட்டை இப்போதே நீட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இந்த வழி திறந்து இன்றோடு ஓராண்டு. மூன்று பூங்காக்கள், அவற்றை இணைக்கும் நொய்யல் கரை, மொத்தம் பதினொரு கிலோமீட்டர். திருப்பூரில் யாரும் யாரையும் முந்தாமல் போகும் பாதை வேறெங்காவது உண்டா? ஏற்றுமதிக் கப்பல் தேதி துரத்தாத பாதை. கம்பெனி வேன் விரட்டாத பாதை. கொக்கைப் பார்க்க வேண்டுமா, நிற்கலாம். கொன்றையைப் பார்க்க வேண்டுமா, நிற்கலாம். ஒன்றையும் பார்க்க வேண்டாமா, சும்மாவே நிற்கலாம்! சும்மா நிற்பவனை “வேலை இல்லையா?” என்று கேட்காத ஒரே இடம் இந்த ஊரில் இதுதான்.

இந்தப் பாதையில் நான் கண்ட மிக அழகான காட்சி எது தெரியுமா? கொக்கும் இல்லை, கொன்றையும் இல்லை. கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றின் காலை. எனக்கு முன்னால் ஒரு பழைய சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. சீட்டில் வெள்ளை பனியன் துணி சுற்றியிருந்தது. மிதித்தவர் ஒரு பெண். பின்னால் கேரியரில் அவர் கணவர். பெயர்களைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் சின்னத்தாய், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் வேல்குமார், பதினெட்டு ஆண்டு ஓவர்லாக் டெய்லர். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சர்க்கரை நோய் வேல்குமாரின் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு உலகம் என்பது லைன் வீட்டின் ஒற்றை அறை. வாரத்தில் ஒருநாள் மட்டும், மனைவியின் சைக்கிள் கேரியர்.

நான் பின்னாலேயே போனேன். ஒட்டுக்கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். சின்னத்தாய் மிதித்துக்கொண்டே சொல்லி வந்தார்:

“இப்ப வேப்பமரம் வருது. அதுக்கடியில ரெண்டு பேரு யோகா பண்றாக. ஒருத்தர் தூங்கிட்டாரு.”

“எந்திருச்சாச் சொல்லு. ஆத்துல தண்ணி என்ன கலரு தாயி?”

“தெளிஞ்சு கண்ணாடியாட்டம் போகுது.”

“கண்ணுதான போச்சு, மூக்கு இருக்குல்ல! நெசத்தச் சொல்லு.”

“கொஞ்சம் கருப்புத்தான். ஆனா நடுவுல ஒரு கொக்கு நிக்கிது, வெள்ளையா. நீங்க தச்ச எக்ஸ்போர்ட் பனியனாட்டம்.”

“அப்பச் சரி. கொக்காச்சும் வாஷிங் போயிட்டு வந்துருக்கு.”

சகோதரர்களே, சகோதரிகளே! பூங்கா வழியே பொழுதுபோக்காகச் சைக்கிளில் போவது என்றால் என்ன? விலை உயர்ந்த சைக்கிளா? மணிக்கட்டில் கட்டிய கருவியா? கடந்து வந்த தூரத்தைக் கைப்பேசியில் காட்டுவதா? கண் இருக்கிற நாம் கடந்து போனோம். கண் இல்லாத அந்த மனிதர் மட்டுமே வந்த வழியை முழுதாகப் பார்த்தார்!

கை தட்டாதீர்கள். அடுத்ததைக் கேட்டால் தட்டிய கை வலிக்கும்.

இரண்டாவது பூங்கா வாசலில் காவலாளி சாமியப்பன் அவர்களை நிறுத்தினார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

“ஏனுங்கம்மா, டபுள்ஸ் போகக் கூடாதுங்க. போர்டுல போட்டிருக்குதுங்க.”

“அண்ணே, இவருக்குக் கண்ணு தெரியாதுண்ணே.”

“பார்த்தாத் தெரியுதுங்க. நானென்ன பண்றது? அஞ்சாவது ரூல்ஸுங்க. உட்டா என்ற வேலை போயிருமுங்க.”

வேல்குமார் கேரியரிலிருந்து இறங்கி, கையால் துழாவித் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “யாருண்ணே எழுதுனது அந்த ரூல்ஸ?”

சாமியப்பன் சொன்னார்: “யாரோ நல்லாப் படிச்சவங்க எழுதுனதுங்க.”

அந்த நல்லாப் படிச்சவன் பத்தடி பின்னால் நின்றுகொண்டிருந்தான். “நான்தான் எழுதினேன், அவர்களை விடுங்கள்” என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. ஆனால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

ஆம். இந்த வழிக்கான எட்டு விதிகளையும் எழுதியவன் நான். “ஆத்தப்பா, நல்ல தமிழில் எழுதித் தா” என்று சங்கத்தில் கேட்டார்கள். எழுதினேன். ஐந்தாவது விதி: “ஒரு சைக்கிளில் ஒருவரே செல்ல வேண்டும், பின்னால் எவரையும் ஏற்றுதல் கூடாது.” எல்லோரும் என்ன நினைத்தீர்கள்? பாதுகாப்பு என்று நினைத்தீர்கள். பாதசாரிகள்மேல் அக்கறை என்று நினைத்தீர்கள். உண்மையைச் சொல்லட்டுமா?

(தலைவர் என்னையே பார்க்கிறார். பாருங்கள் தலைவரே. நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கிறீர்கள்.)

நானும் தலைவரும் மங்கலத்திலிருந்து கல்லூரிக்குப் போனோம். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர், மூன்று ஆண்டுகள். சைக்கிள் என்னுடையது. மிதித்தவன் நான். பின்னால் உட்கார்ந்தவர் தலைவர். மேட்டில் மற்றவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். இவர் மேட்டில்கூட இறங்க மாட்டார். “ஆத்தப்பா, லோடு கனமா இருக்குதா?” என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். நட்பு இருந்தது, மூச்சும் இருந்தது.

பிறகு அவர் கம்பெனி தொடங்கினார், வளர்ந்தார். மகிழ்ச்சி. வெள்ளிவிழா நடத்தினார். அந்தப் பேச்சையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். மேடையில் அவர் என் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, சொந்தமாக ஒரு வரி சொன்னார்: “தினமும் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் படித்தவன் நான்.” மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மிதித்தவன் எங்கே இருந்தான்? பதினோராவது வரிசையில், தூணுக்குப் பின்னால்!

ஒன்பது ஆண்டுகள் அந்த வரியை நெஞ்சில் வைத்திருந்தேன். விதி எழுதப் பேனாவைத் திறந்தபோது அதுதான் வந்து இறங்கியது. பின்னால் உட்காருபவன் எவனும் இந்தப் பாதையில் வரக் கூடாது என்று எழுதினேன். அது பாதுகாப்பு விதியே கிடையாது நண்பர்களே. அது பதினோராவது வரிசை விதி! யாரை நினைத்து எழுதினேன்? யாரைப் போய்த் தடுத்தது? காரில் வந்து இறங்கும் தலைவரை அது ஒருநாளாவது தடுத்ததா? கண் போன ஒரு டெய்லரைத் தடுத்தது. அவருக்காக மிதித்த பெண்ணைத் தடுத்தது.

அதன்பின் நான்கு ஞாயிறுகள் அவர்களைக் காணவில்லை. ஐந்தாவது ஞாயிறு கண்டேன், வேலிக்கு வெளியே. பேருந்தும் லாரியும் போகும் பெரிய சாலையில், பூங்காக் கம்பி வேலியை ஒட்டியே சின்னத்தாய் மிதித்துக்கொண்டிருந்தார். வேலியின் இந்தப் பக்கத்து மரங்களை அந்தப் பக்கத்திலிருந்து கணவருக்குச் சொல்லிக்கொண்டே போனார். என் கண்முன்னே ஒரு வேனின் கண்ணாடி வேல்குமாரின் முழங்கையில் உரசியது. சைக்கிள் சாய்ந்தது. ஓடினேன். தோல் உரிந்ததோடு போயிற்று.

மூச்சு வாங்க, “ஏன் இந்தச் சாலையில் வருகிறீர்கள்?” என்று கேட்டேன். எப்படிப்பட்ட கேள்வி! எப்படிப்பட்டவன் கேட்ட கேள்வி! வேல்குமார் சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “தப்பு எம்மேலதான் சார். நாந்தான் பாத்து உக்காரலை.”

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அங்கேயே, நடுச்சாலையில், “அந்த விதியை எழுதியவன் நான்” என்று சொன்னேன். சின்னத்தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு அடிக்கத் தெரியாதா சார்?” என்றார்.

அடிக்க இன்று வந்திருக்கிறேன். சங்கத்தின் விதிகளை ஆண்டு விழாக் கூட்டத்தில், விழாத் தலைவர் ஒப்புதலோடு மட்டுமே மாற்றலாம். அதையும் நான்தான் எழுதித் தொலைத்தேன்! இன்று விட்டால் இன்னும் ஓராண்டு அவர்கள் வேலிக்கு வெளியே. இன்னும் ஓராண்டு லாரிகளுக்கு நடுவே.

யாரோ கேட்கிறீர்கள், “உழுந்துட்டா என்னங்க பண்றது?” நியாயமான கேள்வி. நடந்து போகிறவர் வேகத்தில்தான் இங்கே எல்லோரும் போகிறோம். பெரிய சாலையில் விழாமல் ஓட்டிய பெண், பூங்காவில் விழுந்துவிடுவாரா?

ஆகவே தலைவர் அவர்களே, ஐந்தாவது விதியை அடித்துவிட்டு இப்படி எழுத அனுமதி கேட்கிறேன்: “மெதுவாகச் செல்க, கேரியரில் ஒருவர் உட்காரலாம்.” சின்னத்தாயும் வேல்குமாரும் வாசலருகே அமர்ந்திருக்கிறார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். விதியை மீறக் கூடாதாம்! அவர்கள் ஏறிப் போக வேண்டுமா, உருட்டிப் போக வேண்டுமா? சொல்லுங்கள்.

தலையை ஆட்டினால் போதாது. வேல்குமாருக்குத் தெரியாது. வாயால் சொல்ல வேண்டும்.

“அடிச்சுடு ஆத்தப்பா!” தலைவர் சொல்லிவிட்டார், கேட்டதா வேல்குமார்? கேட்டதா சாமியப்பன்? இனி உங்கள் வேலைக்கு நான் பொறுப்பு. இப்போது தட்டுங்கள், கை வலிக்கும்வரை தட்டுங்கள்!

இன்னும் ஒன்று பாக்கி. தலைவரே, அன்று மேடையில் ஒரு வரி சொன்னீர்கள். அதை உண்மையாக்க இன்று வாய்ப்புத் தருகிறேன். என் சைக்கிள் கீழே நிற்கிறது. சின்னத்தாய் முன்னே போகட்டும். பின்னால் நாம் இருவரும் போவோம். நீங்கள் மிதியுங்கள், நான் உட்காருகிறேன். வேட்டியா? மடித்துக் கட்டுங்கள். எழுந்துவிட்டாரே!

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், சீட்டை நீட்டாமல் கையிலேயே கசக்கிவிட்ட செயலாளருக்கும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரிக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று மட்டும் தலைவர் நினைக்க வேண்டாம். மூன்றாவது பூங்காவுக்கு முன்னால் ஒரு மேடு வரும்.

நான் இறங்க மாட்டேன். வணக்கம்!