நடத்தாமல் விட்ட பாடம்

நீடாமங்கலத்தில் தஞ்சாவூர் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு அறிவியல் டீச்சரும், அவரிடம் முன்பு பத்தாவது படித்த பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இனப்பெருக்கப் பாடத்த மட்டும் வீட்ல படிச்சுக்கங்கன்னு விட்டுட்டீங்க, டீச்சர்.”

“பசங்க சிரிப்பாங்கம்மா. எனக்கும் கூச்சமா இருந்துச்சு.”

“கல்யாணமாகி ரெண்டு வருசம் நாங்க சேரவே இல்ல. எப்படின்னு ரெண்டு பேருக்கும் தெரியல. மாமியார் என்னை மலடின்னாங்க. கடைசில டாக்டரம்மாதான் பேப்பர்ல வரைஞ்சு காமிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் தலையே நிமிரல.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்பவாவது நடத்துறீங்களா, டீச்சர்?”

சாலியமங்கலம் தாண்டியதும் டீச்சர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“நேத்துதாம்மா அந்தப் பாடம் வந்துச்சு. ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டுட்டேன்.”