எட்டுப் பேருக்கான தொட்டி

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வந்தால், எத்தனை அறை என்று நான் கேட்பதில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்பேன். கழிவுநீர்த் தொட்டியின் அளவை ஆட்கள்தான் தீர்மானிக்கிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. மாடிப்படிக்கு என்ன கல் போடலாம் என்று மாதக்கணக்கில் அலைவார்கள், தொட்டியைக் கொத்தனாரிடம் விட்டுவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் இசக்கிமுத்துவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் அப்படி விட்டவரல்லர். முறையாக என்னிடம் வந்து கேட்டவர். அதனால்தான் இதை அடியிலிருந்து சொல்கிறேன்.

நான் சுப்பராமன். குடிநீர், வடிகால் வேலைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஜினீயராக இருந்தேன். மயிலாப்பூரில் வாடகை வீட்டில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றதும் பாலவாக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு, நானும் என் மனைவி ஹம்சாவும் குடிவந்தோம். அது தொண்ணூற்று நாலு. அப்போது எங்கள் வீட்டுக்குக் கிழக்கே வெறும் மனைதான். அதைத் தாண்டினால் சவுக்கு, அதைத் தாண்டினால் கடல். மூன்று மணிக்கு மேல் காற்று வர ஆரம்பித்தால் என் அறையில் மின்விசிறியே வேண்டாம். ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் தண்ணீர் ஒரு கோடாகத் தெரியும். வாழ்க்கையில் நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதாக நினைவில்லை.

அந்த மனையை வாங்க நானும் கேட்டிருந்தேன். மனைக்காரர் அதை இசக்கிமுத்துவுக்குக் கொடுத்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை. கடைப் பையன்கள் தங்க மாடியில் அறைகள் எடுத்து இரண்டு மாடிக்கு வீடு போட்டார். கடைக்கால் எடுத்த அன்றே வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நான் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"சார், நான் துணி அளந்து கிழிக்கிறவன். மண்ணுக்குள்ள போற சமாச்சாரம் எனக்குத் தெரியாது. நீங்க அளவு சொல்லுங்க, அப்படியே கட்டிருதேன்" என்றார்.

எத்தனை பேர் என்று கேட்டேன். வீட்டு ஆட்கள் எட்டு, மாடியில் பையன்கள் பதினாலு என்றார்.

எட்டுப் பேருக்கு உரிய அளவைக் குறித்துக் கொடுத்தேன். கடற்கரை மணல் தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும், பெரிய தொட்டி கட்டுவது வீண் என்று சொன்னேன். மணல் குடிக்கும் என்பது உண்மை. அழுக்கையும் சேர்த்துக் குடிக்கும் என்பதை நான் சொல்லவில்லை. கழிவு தொட்டிக்குள் தங்கித் தெளிய வேண்டும் சார். ஆள் கூடக்கூடத் தங்கும் நேரம் குறையும். போன வேகத்தில் உறிஞ்சு குழிக்கு வந்துவிடும். பிறகு நிலத்தடி நீர் அதை ஏந்திக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் மேற்கிலிருந்து கிழக்கே, கடலைப் பார்த்துப் போகிறது. இசக்கிமுத்துவின் கிணறு மனையின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. தொட்டியையும் குழியையும் மேற்கில், என் சுவரை ஒட்டிப் போடச் சொன்னேன்.

"உங்க சுவத்துப் பக்கம் வைக்கச் சொல்லுதீங்களே சார், உங்களுக்கு எடைஞ்சலா இருக்காதா?" என்று அவர் தயங்கினார்.

அக்கம்பக்கத்தில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றேன். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். என் கிணறு எங்கள் வீட்டுக்கும் மேற்கே இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகாது.

புதுமனைப் புகுவிழாவுக்குப் போனோம். ஹம்சாவிடம் முன்கூட்டியே, அந்த வீட்டில் தண்ணீரோ மோரோ வாங்கிக் குடிக்காதே என்று சொல்லிவைத்தேன். அவள் ஏதோ ஆசாரம் என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் எண்ணமெல்லாம் இதுதான். நாற்றம் வரும், வயிற்றுக்கோளாறு வரும், இடம் ராசியில்லை என்று விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். என் காற்று திரும்ப வரும். ஆனால் மனிதர்கள் எதையும் தாங்கிக்கொள்கிறார்கள் சார். தொட்டி அடிக்கடி நிரம்பிற்று. லாரி வைத்து எடுத்தார்கள். லாரிக்காரர் வலியுல்லா அவர்களுடைய வாசலில் நின்று சத்தமாகச் சொன்னது என் ஜன்னலுக்குக் கேட்டது.

"இன்னா நைனா, இத்தினி ஜனத்துக்கு இந்தத் தொட்டி பத்துமா? ரொம்பி வழிஞ்சிக்கினு கீது. பெருசா கட்டு."

அன்று சாயங்காலமே இசக்கிமுத்து என்னிடம் வந்து கேட்டார். லாரிக்காரர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். நீங்க சொன்னா சரிதான் என்று போய்விட்டார்.

அவருடைய மருமகள் சரண்யா. மகன் சுரேஷ்குமாரைக் கட்டிக்கொண்டு அந்த வருஷம்தான் வந்தவள். எனக்கு அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை. காலையில் கோலம் போட்டுவிட்டு எங்கள் வாசலையும் சேர்த்துப் பெருக்கிவிடுவாள். தொண்ணூற்றாறு ஐப்பசியில் மழை பிடித்தது. கிணறுகளில் தண்ணீர் மேலே ஏறியது. அப்போது அவளுக்கு ஆறு மாதமோ ஏழு மாதமோ. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் ஒரு டம்ளர்.

"மாமா, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்கி. குடிக்கலாமா?"

டம்ளரை வாங்கி முகர்ந்தேன். என்ன வாடை என்று எனக்குத் தெரியும். உத்தியோகத்தில் இருந்தபோது ஓர் ஊரில் குடிநீரில் சாக்கடை கலந்து மஞ்சள் காமாலை பரவியது. விசாரணைக்குப் போனது நான்தான். மற்றவர்கள் படுத்து எழுந்தார்கள். கர்ப்பிணிகள் எழுந்திருக்கவில்லை. மாதம் ஏறியவர்களைத்தான் அது கொண்டுபோகும் என்று டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார்.

"புதுக் கிணறும்மா. மழைத் தண்ணி எறங்கறச்சே அப்படித்தான் இருக்கும். தாராளமாக் குடி" என்றேன்.

"காய்ச்சிக் குடிக்கட்டா மாமா?"

"காய்ச்சினா சத்தெல்லாம் போயிடும். பிள்ளைத்தாச்சி, பச்சைத் தண்ணியே நல்லது."

தலையாட்டினாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் முன்னாலேயே குடித்தாள்.

மார்கழியில் அந்த வீட்டில் வரிசையாகக் காமாலை. பையன்களில் பாதிப் பேர் ஊருக்குப் போனார்கள். இசக்கிமுத்துவின் மனைவி புஷ்பம் கீழாநெல்லி தேடி என் தோட்டத்துக்கு வந்தாள். நான்தான் பறித்துக் கொடுத்தேன். சரண்யாவுக்கு நினைவு தப்பி, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை முதலில் போயிற்று. பின்னாலேயே அவளும் போனாள். மயானத்துக்கு நானும் போனேன். சுரேஷ்குமாரைத் தோளில் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

அதன் பிறகு அவர்களால் அங்கே இருக்க முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். இடித்துவிட்டு வேறு ஏதாவது செய்ய யாராவது வாங்குவார்கள் என்று காத்திருந்தேன். நானே வாங்கலாம் என்றும் இருந்தது.

பங்குனியில் இசக்கிமுத்து திரும்ப வந்தார். நங்கநல்லூரில் மனை பார்த்திருக்கிறாராம். அங்கேயும் பாதாளச் சாக்கடை இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். "தொட்டி அளவு நீங்கதான் சொல்லணும் சார். வேற யார்கிட்டப் போவேன்" என்றார்.

எனக்கு மனம் இளகிவிட்டது. ஒரு தாளை எடுத்து, இருபத்திரண்டு பேருக்கு வேண்டிய அளவைப் போட்டேன். இரண்டு அறையாகத் தடுக்கச் சொன்னேன். குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, நீரோட்டம் போகிற பக்கத்தில் போடச் சொன்னேன். என் உத்தியோகத்தில்கூட அவ்வளவு அக்கறையாக ஒரு தொட்டி போட்டதில்லை. நங்கநல்லூரில் அவர் எத்தனை மாடி கட்டினாலும் எனக்கு எதுவும் மறையாது.

அவர் தாளைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "சார், இங்கயும் இதே ஆளுங்கதானே. அப்ப மட்டும் ஏன் சின்னதா போடச் சொன்னீங்க?" என்றார்.

"இது மணல் பூமி" என்றேன்.

"சரண்யா உங்ககிட்டத் தண்ணி குடிக்கலாமான்னு கேட்டாளா சார்? மாமா குடிக்கச் சொன்னாக, காய்ச்ச வேண்டாம்னு சொன்னாகன்னு வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தா."

ஹம்சா காபியோடு அப்போதுதான் கூடத்துக்கு வந்தாள். டம்ளரை அவர் முன்னால் வைக்கவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன்னா, அவாத்துல ஒரு வாய் தீர்த்தம்கூடக் குடிக்காதேன்னு எங்கிட்டச் சொன்னேளே. இதுக்குத்தானா?" என்றாள்.

இசக்கிமுத்து தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். உங்கள் ஸ்டேஷனுக்கு அவர் வந்தது அதன் பிறகுதான் என்று நினைக்கிறேன். ஹம்சா அன்று சாயங்காலம் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை.

சாவு விழும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். யாராவது சாகக்கூடும் என்று தொட்டி கட்டும்போதே தெரியும். அவள்தான் என்பது டம்ளரை முகர்ந்தபோது தெரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் ஒரு நாளும் பகையில்லை.

அவர்களுக்கும் என்மேல் இருக்காது என்றே நினைக்கிறேன். நங்கநல்லூரில் தொட்டி வேலை முடிந்துவிட்டது என்று நேற்று உங்கள் ஏட்டு சொன்னார். நான் போட்டுக் கொடுத்த அளவிலேயே கட்டியிருக்கிறார்களாம். இவ்வளவு நடந்த பிறகும், என் வார்த்தையில் அவர்களுக்கு நம்பிக்கை போகவில்லை, பாருங்கள்.