கரட்டு மேல் கிலுகிலுப்பை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது, ஐயா. இந்த நாற்காலியிலும் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறேன். தறி நின்ற பிறகும் சத்தம் காதுக்குள் ஓடும். ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் மேலே போனால் மட்டும் அடங்கும்.

அங்கே ஒரு வகைக் கிலுகிலுப்பைச் செடி இருக்கிறது. முழங்கால் உயரம்கூட வராது. அவரைப்பூப் போல மஞ்சள் பூ, உள்ளே ஊதா வரி. காய் முற்றிக் காய்ந்தால் காற்றில் கலகலக்கும். கல்லூரி ஆசிரியை தேவிப்ரியா வந்து பார்த்துவிட்டு, "இந்த வகை வேற எங்கயும் கிடைச்சதில்லைங்க. பத்திரமாப் பாத்துக்கங்க," என்றார். என்னிடம் யாரும் எதையும் அப்படி ஒப்படைத்ததில்லை.

பச்சமுத்து அண்ணன் அங்கேதான் ஆடு மேய்ப்பார். வேறு பக்கம் ஓட்டச் சொன்னேன். சிரித்தார்.

"பொண்ணு பாக்கற வயசுல பூவப் பாத்துட்டு உக்காந்திருக்கறயே, சாமி. எங்க ஆடு அதை மோந்துகூடப் பாக்காது. புல்லைத்தான் திங்கும்."

நான் நம்பவில்லை. ஒரு நாள், நான் வழக்கமாக உட்காரும் பாறையடியில் ஒரு செடி ஒடிந்து கிடந்தது. மறுநாள் பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தை, ஆடுகள் தண்ணீர் குடிக்கும் பாறைச் சுனையில் ஊற்றினேன். ஆடுகளுக்காகத்தான்.

எந்தத் தண்ணீரையும் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே ஆடுகளை விடுவது அவர் வழக்கம். அது எனக்குத் தெரியும். மூக்குப்பொடி போடுகிறவர், வாசம் பிடிபடாது. அதுவும் தெரியும். அவர் குனிந்து கையில் அள்ளியபோது பாறையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் "ஏஞ்சாமி?" என்று நேரே நடந்து வந்துவிடுவார். எங்களுக்கு நடுவில் செடிகள் பூத்திருந்தன.

ஆடுகள் குடிக்கவில்லை. அவர் விழுந்ததும் மிரண்டு இறங்கிவிட்டன. வெயில் தாங்கவில்லை என்றார்கள், சுனை கெட்டுவிட்டது என்றார்கள். அன்றே அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி ராமாயி ஆடுகளை விற்றுவிட்டார். பயந்துகொண்டு வேறு யாரும் மேலே ஓட்டுவதில்லை.

இந்த மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, ஐயா. உள்ளே கிலுகிலுப்பை வெளிறிச் சாய்கிறது. கையால் புல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். செடியும் சேர்ந்து வருகிறது.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். சுனை கெடவில்லை, மருந்து ஊற்றியது நான்தான் என்று ஊரில் சொல்லிவிடுங்கள். இப்போது மழை அதைக் கழுவிவிட்டது. ஆடுகள் மேலே வரட்டும்.

பச்சமுத்து அண்ணன் நல்ல மனிதர். நான் ஏன் கூப்பிடவில்லை என்று விவரமாக எடுத்துச் சொல்லியிருந்தால் அவரே சம்மதித்திருப்பார்.