உயரத்துக்குப் பரிசு, காய்க்குப் பூட்டு

நம் மொட்டைமாடியில் இருந்த தொண்ணூற்றாறு தக்காளிச் செடிகளைக் காய்க்க விடாமல் கெடுத்தது இந்த மேடைதான்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி முறைப்படி தொடங்கலாம்.

மாலையின் கனத்தில் சற்றே குனிந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! பச்சையைப் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் உர ஆலையின் நல அலுவலர் அவர்களே! முன்வரிசையில் மின்விசிறிக்கு நேராக இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் பிள்ளையை மடியிலும் வெயிலைத் தலையிலும் தாங்கியிருக்கும் தாய்மார்களே! நான்கு மாடி ஏறி, நாற்பது படி மூச்சு வாங்கி, மண்மூட்டை சுமந்த முதுகுகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்.

ஆமாம், நுழைவாயிலில் மின்மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள்தான். உங்களில் பாதிப் பேரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். அதனால் யாரும் என்னை முறைக்க வேண்டாம்.

எனக்குக் கொடுத்த வேலை நன்றியுரை. நல அலுவலர் ஒரு தாளைக் கையில் திணித்து, "ரெண்டே நிமிஷம்மா. பேரை வாசிச்சிட்டு இறங்கிடு" என்றார். வாசிக்கிறேன் ஐயா. ஆனால் யாருக்கு எதற்காக நன்றி என்பதைச் சொல்லாமல் வாசிப்பது எப்படி?

சற்று முன்பு இந்த மேடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. மிக உயரமான தக்காளிச் செடிக்குப் பரிசுக் கோப்பை கொடுத்தீர்கள். கைதட்டல் ஓய்வதற்குள் இன்னொரு தாளை எடுத்து, "மாடியில் தக்காளி அழுகுகிறது, பூச்சி வருகிறது, குடியிருப்பவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை, ஆகவே நாளை காலை தொட்டிகள் எல்லாம் அகற்றப்படும், அந்த இடத்தில் விளம்பரப் பலகை வரும்" என்று வாசித்தீர்கள். ஒரு கையால் மாலை, மறு கையால் பாடை! செடியைப் பாராட்டிய அதே வாயா செடியைத் தூக்கிப் போடச் சொல்வது?

வளர்க்கத் தெரியவில்லையாம் நமக்கு. யார் தெரியவிடாமல் செய்தது?

ஆறு மாதத்துக்கு முன்பு நல அலுவலர் நம் வாசலில் மூட்டைகளை இறக்கினார். "இலவசம், எல்லாருக்கும் இலவசம்!" என்றார். நாமும் பக்கெட், பெயின்ட் டப்பா, உடைந்த குளியல் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் மண் நிரப்பி நாற்று வைத்தோம். அந்த மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்று யாராவது படித்தீர்களா? நானும் படிக்கவில்லை. மூன்று எண்கள் இருந்தன. நாற்பத்தாறு. சுழியம். சுழியம்.

முதல் எண் தழைச்சத்து. இலையையும் தண்டையும் வளர்ப்பது. இரண்டாம் எண் மணிச்சத்து. வேருக்கும் பூவுக்கும் வேண்டியது. மூன்றாம் எண் சாம்பல்சத்து. காயைத் திரட்டிப் பழமாக்குவது. நமக்கு வந்ததில் இலைக்கு நாற்பத்தாறு, பூவுக்குச் சுழியம், பழத்துக்குச் சுழியம். யூரியா, சுத்தமான யூரியா! வயலில் போட்டால் அடியில் ஆழமான மண் இருக்கிறது, சமாளிக்கும். ஒரு பக்கெட் மண்ணில் வாழும் செடி எங்கே போகும்? அதற்கு அந்தப் பக்கெட்தான் ஊர், அந்தப் பக்கெட்தான் உலகம். நாம் போட்டதுதான் அதற்குச் சோறு. போடாதது அதற்குக் கிடையாது.

ஏன் ஐயா இதையே கொடுத்தீர்கள் என்று இந்த நல அலுவலரிடம் நேற்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காக இவரைப் பாராட்ட வேண்டும். "மேலிடத்துக்குப் போட்டோ அனுப்பணும்மா. பச்சைப்பசேல்னு தெரியணும். பழம் பழுக்கிற வரைக்கும் யாரு காத்துட்டிருப்பா?"

கேட்டீர்களா தாய்மார்களே? நம் வீட்டுக் குழம்புக்காக வந்த மூட்டை இல்லை அது. அவர்கள் போட்டோவுக்காக வந்த மூட்டை.

அதோடு விட்டார்களா? போட்டி என்றார்கள். எந்தச் செடி உயரமோ அதற்குக் கோப்பை என்றார்கள். சனிக்கிழமைதோறும் அளக்க ஆள் வேண்டும் என்றார்கள். அளவு நாடா யாரிடம் இருக்கிறது? இதோ, என் கழுத்தில். நான் அளந்தேன். என் கையாலேயே அளந்தேன். மேடையைக் குற்றம் சொல்லும் இவள் என்ன யோக்கியமா என்று கேட்கிறது ஒரு குரல். இல்லை அண்ணே, யோக்கியம் இல்லை. வாரம் தவறாமல் தொட்டிக்குத் தொட்டி குனிந்து, "இவருது ரெண்டு விரக்கடை ஏறியிருக்கு" என்று கத்தி, உங்களை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட்டவள் நான்தான்.

அப்புறம் என்ன நடந்தது? வாரம் ஒரு தேக்கரண்டி என்று படிக்கட்டுச் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். நாம் வெள்ளிக்கிழமை இன்னொரு கரண்டி போட்டோம். சனிக்கிழமை அளக்க வருவார்களே! கோப்பை வாங்கிய நம் கண்டக்டர் அண்ணனைக் கேளுங்கள். அண்ணே, எழுந்திருங்க. வெட்கப்படாதீங்க. உங்கள் செடி ஏழடி. தண்டு என் கட்டைவிரல் தடிமன். இலை கரும்பச்சை. காய் எத்தனை?

"நாலு" என்கிறார். நாலில் நல்லது எத்தனை?

சும்மா சொல்லுங்க அண்ணே. ஏழடிச் செடியில் ஒரு நல்ல காய்கூட இல்லை. அவர் கொடுத்த காய் இதோ. பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும், தூக்கிப் பிடிக்கிறேன். மேலே சிவப்பு. கீழே பாருங்கள், அடிப்பாகம் கறுத்து, தோல் செருப்பு மாதிரி ஆகியிருக்கிறது. இதைத்தான் இவர்கள் அழுகல், பூச்சி, அசுத்தம் என்று தாளில் எழுதினார்கள். பூச்சி இல்லை ஐயா. இது பட்டினி! காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராத பட்டினி. தழைச்சத்தைத் திணித்துத் திணித்து இலையை ஊத வைத்தோம். வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் சுண்ணாம்புச்சத்து மேலே போகும். அந்தத் தண்ணீரை இலைக்கூட்டமே குடித்துவிட்டது. காய்க்கு மிச்சமில்லை. போதாததற்கு ஒருநாள் வெள்ளம், இரண்டுநாள் வறட்சி என்று நாம் தண்ணீர் ஊற்றிய லட்சணம்!

இதற்கு அண்ணன் ஒரு வைத்தியம் செய்தார். பஸ்ஸில் எவனோ சொன்னானாம், பேதி உப்பைக் கரைத்து ஊற்று என்று. ஊற்றினார். அவரைப் பார்த்து நாமும் ஊற்றினோம். அவர் மனைவி என்னிடம் வந்து, "ஏங்க, செடிக்கு வயிறே கிடையாதே, அதுக்கு எதுக்குங்க பேதி மருந்து?" என்று கேட்டாள். சிரிக்காதீர்கள்! அந்த உப்பு சுண்ணாம்புச்சத்தை இன்னும் உள்ளே விடாமல் தள்ளியதுதான் மிச்சம். தொட்டி விளிம்பில் எல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. இலை ஓரம் தீய்ந்தது. பாதிச் செடி பட்டுப்போனது. மீதிச் செடி காய்க்காமல் நெட்டையாக நின்றது. கோப்பை மட்டும் பளபளக்கிறது.

இப்போது நான் யாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில், சுவரோரம், வேலைக்குப் போகிற வெள்ளை உடையோடு நிற்கிறாளே, நம் நர்ஸ். என்னைவிட நான்கு வயது இளையவள். அவளும் ஊசிக்காரி, நானும் ஊசிக்காரி. நான் குத்தினால் துணி அழாது, அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் இரண்டே இரண்டு செடி வைத்திருந்தாள். அளக்கப் போனேன். என் மார்பளவுகூட இல்லை.

"என்னடி, உன் செடி இப்படிக் குட்டையா நிக்குது? மூட்டை வாங்கலையா?"

"வாங்கலக்கா."

"இலவசமாத்தானே குடுத்தாங்க!"

"இலவசம்னு ஒரே மருந்தை எல்லா நோயாளிக்கும் ஏத்த முடியுமாக்கா? அதுவும் ஒரு பாட்டிலை ஒரே மூச்சுல?"

காட்டினாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் இருக்கிறதல்லவா, அதைச் செடிக்குப் பக்கத்தில் குச்சி நட்டுத் தொங்கவிட்டிருந்தாள். பாட்டிலில் தண்ணீர். சொட்டு, சொட்டு, சொட்டு. காலையில் நிரப்பினால் மாலை வரை மண் காயாது, நனைந்து நாறாது. நாற்று வைக்கும்போதே மண்ணில் ஒரு கரண்டி ஜிப்சம் கலந்திருந்தாள், அது சுண்ணாம்புச்சத்துக்கு. செடி வளரும் வரை மூன்று எண்ணும் சமமாக இருக்கும் உரம். பூ வந்ததும் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல்சத்தை அதற்கு இரண்டு பங்காக்கினாள். அதுவும் எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை உரமே இல்லாமல் வெறும் தண்ணீரை அடித்துளை வழியாக ஓடும் வரை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவினாள்.

"யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"வார்டுதான். அளவு மிஞ்சினா ஆளைக் கொல்லும், குறைஞ்சாலும் கொல்லும். செடிக்கு மட்டும் வேற கணக்காக்கா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவ்வளவும் கேட்டுவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு, நல அலுவலர் கொடுத்த தாளில் அவள் பெயருக்கு நேரே எழுதினேன்: "குட்டை. தகுதி இல்லை." என் கையெழுத்து அது. இன்றும் என் விரல் கூசுகிறது.

அந்தக் குட்டைச் செடிகளில் எத்தனை காய் என்று யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. புதன்கிழமை நானாக எண்ணினேன். ஒன்றில் முப்பத்தொன்று. மற்றொன்றில் இருபத்தேழு. அடி கறுத்தது ஒன்றுகூட இல்லை. இதோ, அன்று பறித்த ஒன்று! இந்தக் கையில் கோப்பை வாங்கிய தக்காளி. அந்தக் கையில் தகுதி இல்லாத தக்காளி. தலைவர் அவர்களே, உங்கள் வீட்டுக்கு எது வேண்டும்?

நண்பர்களே, இது தக்காளிக் கதை மட்டும்தானா? நமக்கும் இவர்கள் போட்டது இதே நாற்பத்தாறு, சுழியம், சுழியம்தானே? கட்டடத்துக்கு முன்பக்கம் மட்டும் வண்ணம் அடித்தார்கள். பின்பக்கம் குழாய் ஒழுகுகிறது. வாசலில் வளைவு வைத்தார்கள். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. நாம் வளர்ந்ததாகத் தெரிய வேண்டும், நாம் காய்க்கக் கூடாது! வெளியே பச்சை, உள்ளே பட்டினி! இலைக்கு இலவசம், வேருக்கு விலங்கு! பிறகு நம்மையே கூப்பிட்டு, நம் முகத்துக்கு நேரே, "உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று மைக்கில் சொல்வார்கள். கை வேறு தட்ட வேண்டும் நாம்!

தெரியும் ஐயா. எங்களுக்குத் தெரியும். கொடுக்க வேண்டியதை, கொடுக்க வேண்டிய நேரத்தில், கொடுக்க வேண்டிய அளவில் கொடுத்தால் வாளி மண்ணிலும் காய்க்கும் என்பதற்கு ஐம்பத்தெட்டுச் சாட்சிகள் இருக்கின்றன: ஒன்று என் கையில், மீதி இப்போது மாடியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

மைக்கை அணைக்கிறீர்களா? அணையுங்கள். பன்னிரண்டு வருடம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது.

வியாழக்கிழமை காலை மாடிக் கதவைப் பூட்டினீர்கள். இன்று சனி. நர்ஸின் பாட்டிலில் ஒருநாள் தண்ணீர்தான் நிற்கும். இரவு வேலை முடிந்து வந்தவள் நேற்று அந்தக் கதவுக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்றதை நான் பார்த்தேன். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்கா. அதுக்கு மேல தாங்காது" என்றாள். நோயாளியைப் பற்றிப் பேசுகிற அதே குரல். நாளை நீங்கள் ஆள் வைத்து அகற்றத் தேவையே இருக்காது. அதற்குள் செத்திருக்கும். அப்போது தாளில் இன்னொரு வரி சேர்ப்பீர்கள்: அவளுக்கும் வளர்க்கத் தெரியவில்லை.

சரி, நன்றி சொல்கிறேன். அதற்குத்தானே அழைத்தீர்கள். மண் சுமந்த முதுகுகளுக்கு நன்றி. எழுந்து நின்று "நாலு" என்று உண்மை சொன்ன கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி. அண்ணே, அந்தக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள், பயன்படட்டும். என் தாளில் தகுதி இழந்தும் என்னை இன்னும் அக்கா என்று கூப்பிடும் நர்ஸுக்கு நன்றி. வெயிலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

நான் இறங்கப் போவதில்லை. தலைவர் அவர்களே, ஒரே ஒரு கொடுக்கல் வாங்கல் பாக்கி. இதோ என் அளவு நாடா. உங்கள் மேசைமேல், மாலைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இனி எதை வேண்டுமானாலும் நீங்களே அளந்துகொள்ளுங்கள். மாடிச் சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது; அந்தச் சட்டையைத் தைத்தவள் நான், பை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கையை நீட்டியிருக்கிறேன். சாவியைக் கொடுங்கள்.

நல அலுவலரை ஏன் பார்க்கிறீர்கள்? நான் உங்களைக் கேட்கிறேன்.

தலைவர் அவர்களே... சாவி.