ஒரு நாள் பிந்தினால் போதும்

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பொதுவாக விடுகிற பிழை, பொது அறிவைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்கி வைப்பது. நீங்களும் அந்தப் பரீட்சை எழுதித்தான் விசாரணை அதிகாரியாக வந்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும். பொது அறிவு ஒரு மாதத்தில் வராது. தினமும் பத்திரிகை வாசிக்க வேண்டும், வெட்ட வேண்டும், திகதி போட்டு ஒட்ட வேண்டும். என்னிடம் அப்படிப் பதினான்கு கொப்பிகள் இருக்கின்றன. கடைசி ஐந்தில் பாதிக்கு மேல் றஞ்சிதத்தின் கையெழுத்து. நீங்கள் அவளைப் பற்றிக் கேட்பதால் அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் அன்ரோனெற். மன்னாரில் பள்ளிமுனையில் வீடு. சட்டத்தரணி நவரத்தினம் ஐயாவின் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தேன். ஒரே தம்பி கிறகரி பாரிசில். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்துக் காட் அனுப்புவான். இரண்டாயிரத்து ஒன்றில் அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும். கந்தோரால் வந்து கதவைத் திறந்தால், காலையில் குடித்துவிட்டு வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று தண்டனைச் சட்டக் கோவையைச் சத்தமாக வாசிப்பேன். பக்கத்து வீட்டார் நான் செபமாலை சொல்வதாக நினைத்திருந்தார்கள். சட்டத்தரணியாக வேண்டும் என்பது என் ஆசைதான், மறுக்கவில்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறியிருந்தேன்.

றஞ்சிதம் இரண்டாயிரத்து ஐந்து மாசியில் எங்கள் கந்தோருக்கு வந்தாள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் ஐயாவின் கையொப்பம் வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வயது. முருங்கனில் தாயும் அவளும் மட்டும். தகப்பன் இல்லை, கொஞ்சம் வயல் இருந்தது. என் மேசையில் கிடந்த கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்களும் லோ கொலிஜ் சோதினைக்கோ படிக்கிறியள்?”

“ஓம்.”

“எனக்குச் சேந்து படிக்க ஒருத்தரும் இல்லையக்கா. நான் சனிக்கிழமையில வரட்டோ?”

அதுவரை என் மேசைக்கு ஒரு கதிரைதான். அன்று மாலையே இன்னொன்று வாங்கினேன்.

முருங்கனிலிருந்து முதல் பஸ் எடுத்து, மன்னார்ப் பாலத்தடியில் இறங்கி இராணுவச் சோதனைக்கு நின்று, மீண்டும் ஏறி, ஒன்பது மணிக்கு என் படலையடியில் நிற்பாள். காற்றுக்குத் தலைமயிர் எல்லாம் கலைந்திருக்கும். மதியம் வரை நுண்ணறிவுக் கணக்குகள். பிறகு நான் சமைத்த பாரை மீன் குழம்பும் சோறும். சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிந்து, பேசிக்கொண்டிருந்த வசனம் முடியும் முன்பே நித்திரையாகிவிடுவாள். நான் பக்கத்தில் இருந்து பத்திரிகை வெட்டுவேன். எவ்வளவு மெதுவாக வெட்டலாமோ அவ்வளவு மெதுவாக. கிழமையின் மற்ற ஆறு நாட்களும் எனக்குச் சனிக்கிழமைக்குப் போகிற வழியாகத்தான் இருந்தன.

அந்த வருடம் இருவரும் தவறினோம். அடுத்த வருடமும். முடிவு வந்த நாட்களில் அவள் அழுதாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்து, இன்னும் ஒரு வருடம் படிப்போம் என்றேன். எனக்குக் கவலையாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

இரண்டாயிரத்து ஏழில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். பழைய வினாத்தாள்களில் எண்பதுக்குக் கீழே போவதில்லை. என் பிழைகளை அவள் திருத்தத் தொடங்கினாள், மரியாதையோடுதான். ஆவணியில் ஒரு சனிக்கிழமை, சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

“அக்கா, கொழும்பில, வெள்ளவத்தையில ஒரு அறை சரிவந்திருக்கு. மாமியின்ர சிநேகிதி வீடு. ஒராளுக்குத்தான் இடமாம்.”

“ரெண்டு பேரும் சேந்து இருப்பம் எண்டெல்லோ கதைச்சனாங்கள்?”

“நீங்களும் பாஸ் பண்ணினாப் பிறகு பாப்பமேயக்கா.”

அவள் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். நான் ஊற்றினேன்.

அந்தப் பரீட்சை வருடத்துக்கு ஒரு முறை. ஒரு நாள் பிந்தினால் போதும், அடுத்த வருடம்தான். அவளுக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. வயது இருந்தது, மூளை இருந்தது. ஒரு வருடம் தாமதித்துப் போகலாம். எனக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகள். இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

கடிதத்தை ஒரு திங்கட்கிழமை மதியம், ஐயா நீதிமன்றத்தில் இருந்தபோது, கந்தோர் இயந்திரத்தில் தட்டினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதினால் மொழிபெயர்க்கிறவர் பிழை விடக்கூடும். நான்கு வசனங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், பயணத் திகதியும் பஸ்ஸும். நான்காவது வசனம், அந்தப் பங்குனியில், இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலிருந்து வந்த அவளுடைய பெரியம்மா மகன் இரண்டு நாள் அவர்கள் வீட்டில் தங்கிப் போனான் என்பது. அதை அவள்தான் என்னிடம் சொன்னாள். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து வருடம் சட்டத்தரணியிடம் வேலை செய்தவள் பொய் எழுத மாட்டாள். அப்படியான கடிதத்தை எந்த முகாமில் சேர்ப்பது என்பது அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

பரீட்சை கொழும்பில், ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி காலை புறப்பட்டோம். நான் மன்னாரில் ஏறினேன், அவள் முருங்கனில் ஏறினாள். யன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அனுமதி அட்டையைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். வழியெல்லாம் உலக நாடுகளின் தலைநகரங்களைக் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் இரண்டைப் பிழையாகச் சொன்னேன், சிரித்தாள்.

எல்லோரும் இறங்கி நடந்து போய் ஏற வேண்டிய ஒரு சோதனைச் சாவடியில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். வரிசையில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு நிமிசம் அக்கா. என்ர பாக்கை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.”

அந்தப் பக்கம் பஸ் நாற்பது நிமிடம் நின்றது. கொண்டக்டர் நல்ல மனிதன். என்னிடம் வந்து, “உங்களோட வந்த பிள்ளை இன்னும் வரேல்லையே, இன்னும் கொஞ்சம் நிப்பமோ?” என்று கேட்டான்.

“வேண்டாம். அவ அடுத்த பஸ்ஸில வருவா” என்றேன்.

அவளுடைய பையில் புட்டும் மீன் பொரியலும் இருந்தன. தாய் இருவருக்குமாகக் கட்டிக் கொடுத்தது. பழுதாகிவிடும் என்று புத்தளம் தாண்டிய பிறகு சாப்பிட்டேன். ஞாயிறு போய்ப் பரீட்சை எழுதினேன். இத்தனை தூரம் வந்துவிட்டு ஒருவராவது எழுத வேண்டும் அல்லவா. சனிக்கிழமையே அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய் காலை நான் வீட்டுக்கு வந்தபோது, அவளுடைய தாய் றோசம்மா அக்கா என் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை சோதினை எழுதிப்போட்டாளே?” என்று கேட்டார்.

அன்று தொடங்கி அத்தனை மனுவும் நான்தான் எழுதினேன். பொலிஸுக்கு, செஞ்சிலுவைக்கு, ஆயருக்கு, கொழும்பில் உள்ள எல்லாக் கந்தோர்களுக்கும். நீங்களே அவற்றை வாசித்துவிட்டு நல்ல ஆங்கிலம் என்று சொன்னீர்கள். முதலில் மனுக்களுக்குக் கையெழுத்து வைக்கத்தான் றோசம்மா அக்கா வந்தார். பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிய வரத் தொடங்கினார். முருங்கன் அரிசியும் கீரையும் கொண்டு வருவார், சேர்ந்து சமைப்போம். ஒரு நாள் என் தலை வறண்டு போயிருக்கிறது என்று இருத்தி வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். என் தலையில் இன்னொருவரின் கை பட்டு அப்போது ஆறு வருடம்.

மார்கழியில் முடிவு வந்தது. நான் சித்தியடைந்திருந்தேன். போகவில்லை. அந்த நிலையில் அந்த மனுசியைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? ஐயா ஏசினார். நான் என் முடிவை மாற்றவில்லை.

இனிச் சொல்வது உங்கள் கோவையில் இல்லாதது.

தை மாதம் மாக்கிறட் என்று ஒரு பெண் கந்தோருக்கு என்னைத் தேடி வந்தாள். அவளையும் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டிருந்தார்கள். கதிரையின் நுனியில் இருந்தாள், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். றஞ்சிதம் உயிரோடு இருக்கிறாள் என்றாள். இடத்தின் பெயரையும் சொன்னாள்.

“உங்கட பேரைத்தான் அவ ஒவ்வொரு நாளும் சொல்லுவா. அன்ரோனெற் அக்காவுக்குச் சட்டம் தெரியும், அவவுக்குத் தெரிஞ்சா வந்து எடுத்துப்போடுவா எண்டு. கெதியாப் போங்கோ. அங்க கனநாள் வைச்சிருக்க மாட்டினம், மாத்திப்போடுவினம்.”

“தாயிட்டச் சொன்னனீங்களோ?”

“இல்லை. வீடு தெரியாது. உங்கட கந்தோரைத்தான் சொல்லிவிட்டவ.”

முருங்கனுக்குப் போக வேண்டாம், அது உங்களுக்கும் ஆபத்து என்றேன். அதுவும் உண்மைதான். தேநீர் கொடுத்து அனுப்பினேன். ஐயா பக்கத்து அறையில் இருந்தார். ஆட்கொணர்வு மனு எழுத அவருக்கு ஒரு மணித்தியாலம் போதும். இடத்தின் பெயரைச் சுருக்கெழுத்தில் குறித்து, தாளை மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அந்த ஞாயிறு சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். றோசம்மா அக்கா அன்றுதான் முதல் முறையாக என்னை “பிள்ளை” என்று கூப்பிட்டார். “பிள்ளை, நீயும் இல்லாட்டி நான் செத்துப்போயிருப்பன்” என்றார். இப்படி மனம் தேறி வருகிறவரைக் குழப்பக்கூடாது என்று அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினேன். அடுத்த ஞாயிறு மழை. சித்திரையில், அந்த இடத்தில் இருந்தவர்களை எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

பதினொரு வருடம் போய்விட்டது. காணாமல் போனவர்களைப் பற்றிய எத்தனையோ விசாரணைகளுக்கு றோசம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. எழுதுகிறவள், துணைக்கு வந்தவள், அவ்வளவுதான். இன்று காலை நீங்கள்தான் கேட்டீர்கள், எந்த பஸ்ஸில் போகிறாள் என்று யார் யாருக்குத் தெரியும் என்று. “எனக்கும் இந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான்” என்று றோசம்மா அக்கா சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். நீங்கள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள், அவரை வெளியே இருக்கச் சொன்னீர்கள்.

கடிதம் எழுதியது நான். மாக்கிறட் சொன்னதை மறைத்தது நான். இந்த வாக்குமூலத்தை நீங்கள் தட்டி முடித்ததும் கையொப்பம் வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாப்பிட வைத்து, நானே ஆறுதலாகச் சொல்கிறேன். அவருக்கு என்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.